ஷிஃப்ட் மீட்டிங்கில் ஆட்களைப் பேச வைத்த விதம்

உலோகப் பாகங்கள் செய்யும் எங்கள் மெஷின் ஷாப்பில் காலை 6 மணி மீட்டிங் முன்பு 25 நிமிடம் ஓடும். சூப்பர்வைசர் பேசுவார், மற்றவர்கள் தரையைப் பார்ப்பார்கள். இப்போது 10 நிமிடம்தான், போர்டுக்கு முன்னால், நின்றபடி. நாற்காலி போட்டால் நேரம் நீளும்.

போர்டில் மூன்றே வரி: நேற்றைய உற்பத்தி, ரிஜெக்‌ஷன், மெஷின் நின்ற நிமிடங்கள். ஆபரேட்டரே மார்க்கரால் எழுத வேண்டும். பிரிண்ட் எடுத்து ஒட்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பிறகு ரிஜெக்ட் ஆன ஒரு பீஸ் கைக்குக் கை போகும். துளை விளிம்பில் இருக்கும் பிசிறை விரலால் தடவிப் பார்த்தவருக்கு விளக்கவுரை தேவையில்லை. "யார் செஞ்சது?" என்று மட்டும் கேட்காதீர்கள், மறுநாளிலிருந்து பீஸ் ஸ்கிராப் தொட்டிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். "இந்த டூல் எத்தனை பீஸ் ஓடியிருந்துச்சு?" என்று வெட்டும் கருவியைப் பற்றிக் கேட்டால் பதில் வரும்.

"எல்லாரும் நல்லா செஞ்சீங்க" என்பது காற்றோடு போய்விடும். "கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) குழாயைத் திருப்பி வெச்சீங்க, உலோகச் சுருள் சிக்கவே இல்ல" என்று சொல்லிப் பாருங்கள், பக்கத்து மெஷின்காரரும் போய்ப் பார்ப்பார்.

சொன்ன குறைக்குப் பக்கத்தில் பொறுப்பாளர் பெயரும் தேதியும் எழுத வேண்டும். 'ஃபேன் ரிப்பேர்' என்ற வரி மூன்று வாரம் அப்படியே கிடந்தால், அடுத்த குறையை ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.