கலிஃபோர்னியா வாக்குச்சீட்டில் நீதிபதிகள்: புதிதாக வந்தவர்களுக்கு

கலிஃபோர்னியாவில் சிட்டிசன்ஷிப் வாங்கி, தபாலில் வந்த முதல் வாக்குச்சீட்டைப் பிரிக்கும்போது நம்மவர்கள் பலர் திகைத்து நிற்பது நீதிபதிகள் பகுதியில்தான். ஊரில் எந்த நீதிபதியும் ஓட்டுக் கேட்டு வருவதில்லை. இங்கே வருவார்கள்.

ஆனால் முதலில் ஒன்று. எச்1பி வேலை விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது. டிஎம்வியில் (வாகனப் பதிவு, லைசென்ஸ் அலுவலகம்) லைசென்ஸ் எடுக்கும்போதே வாக்காளர் பதிவும் சேர்ந்து வரும். 'அமெரிக்கக் குடிமகனா?' என்ற கேள்விக்கு அவசரத்தில் 'ஆம்' என்று தட்டிவிடாதீர்கள். நாடு கடத்தும் அளவுக்கு வில்லங்கமாகலாம். தெரிந்த வக்கீல் ஒருவர் நீதிபதித் தேர்தலில் நின்று நன்கொடை கேட்டாலும் எச்1பிக்காரர்கள் கொடுக்கக் கூடாது. கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த மாநிலத்தின் 58 கவுண்டிகளிலும் (நம் மாவட்டம் மாதிரி) ஒரு சுப்பீரியர் கோர்ட், அதாவது வழக்கை முதலில் விசாரிக்கும் நீதிமன்றம், உண்டு. அதன் நீதிபதிகளுக்குப் பதவிக்காலம் 6 ஆண்டு. கட்சிப் பெயர் இல்லாமல், ஒவ்வொரு இருக்கைக்கும் ஓர் எண் கொடுத்துத் தனித்தனியாகத் தேர்தல் நடக்கும். பிரைமரி என்ற முதல் சுற்றில் பாதிக்கு மேல் வாங்கினால் அதோடு முடிந்தது. இல்லாவிட்டால் முதல் இருவரும் நவம்பரில் மறுபடி மோதுவார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் சீட்டில் சில இருக்கைகள்தான் இருக்கும், சில சமயம் ஒன்றுகூட இருக்காது. மற்றவை எங்கே போயின? பதவியில் இருக்கும் நீதிபதியை எதிர்த்து யாரும் மனு போடவில்லை என்றால் அவர் பெயர் சீட்டிலேயே ஏறாது. நம் பஞ்சாயத்துத் தேர்தலில் 'போட்டியின்றித் தேர்வு' என்பார்களே, அதே கதைதான். சீட்டில் அச்சிடாத பெயரை வாக்காளரே எழுதிப் போடும் முறையில் வேறொருவரை நிறுத்த வேண்டுமானால், மனுத் தாக்கல் முடிந்த சில நாட்களுக்குள் வாக்காளர்களிடம் குறைந்தது 100 கையெழுத்தாவது வாங்கிக் கொடுக்க வேண்டும். அப்படி யாரும் மெனக்கெடுவது அபூர்வம். கவர்னர் (நம்மூர் ஆளுநர் இல்லை, ஏறக்குறைய முதல்வர்) நியமித்து உள்ளே வந்து, எதிர்ப்பே இல்லாமல் ஓய்வு வரை தொடரும் நீதிபதிகள் நிறைய உண்டு.

இதன் விளைவு சாண்டா கிளாரா கவுண்டியில் நன்றாகவே தெரிந்தது. ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில் நடந்த பாலியல் குற்றத்துக்கு 2016 ஜூன் 2 அன்று நீதிபதி ஆரன் பெர்ஸ்கி விதித்த தண்டனை வெறும் 6 மாதம். ஊரே கொதித்தது. ஐந்தே நாளில் பிரைமரி. அவருடைய பதவிக்காலமும் அந்த ஆண்டுதான் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆனால் மனுத் தாக்கல் எப்போதோ முடிந்துவிட்டது, எதிராளி யாரும் இல்லை, பெயரும் சீட்டில் இல்லை. மனிதர் அலுங்காமல் மறுபடி பதவிக்கு வந்தார். அவரை இறக்குவதற்கு ஆயிரக்கணக்கில் கையெழுத்து திரட்டி, 2018 ஜூனில் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது.

மாநில உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் வேறு ரகம். அங்கே எதிராளி என்பவரே கிடையாது. கவர்னர் தேர்தல் ஆண்டின் நவம்பரில் 'இவர் தொடரலாமா?' என்று கேட்டு, ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் மட்டும் இருக்கும். பதவிக்காலம் 12 ஆண்டு. பெரும்பாலும் 'ஆம்'தான் ஜெயிக்கும். 1986இல் மட்டும் மரண தண்டனை விவகாரத்தில் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டையும் இன்னும் இருவரையும் மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். 'இல்லை' ஜெயித்தால் அடுத்தவரை நியமிப்பது கவர்னர்தான்.

யாருக்குப் போடுவது என்று வேட்பாளரையே கேட்டுப் பிரயோஜனம் அதிகம் இல்லை. எந்த வழக்கில் எப்படித் தீர்ப்பளிப்பேன் என்று அவர்கள் வாக்குக் கொடுக்கக் கூடாது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் வக்கீல் சங்கம் ஒவ்வொருவருக்கும் தகுதி மதிப்பீடு போடும், அதைப் பார்க்கலாம். ஒன்றும் பிடிபடவில்லை என்றால் அந்த இடத்தை மட்டும் காலியாக விடுங்கள், மற்ற ஓட்டுகள் செல்லும்.

யார் எதிர்ப்பே இல்லாமல் வருகிறார் என்று பார்க்க, சீட்டு வரும்வரை காத்திருக்காதீர்கள். தேர்தலுக்குச் சில மாதம் முன்பே மனுத் தாக்கல் முடிந்துவிடும். அப்போதே கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் வேட்பாளர் பட்டியல் கிடைக்கும். அப்படியே தமிழில் மாதிரி வாக்குச்சீட்டு உண்டா என்றும் கேட்டுவையுங்கள்.