டீ-டிராக் மாட்யூல்களை உடையாமல் மண்டபம் சேர்க்க

மாதிரி ரயில் கண்காட்சிக்குப் போகும் வழியில் முதலில் அடிவாங்குவது மரமோ ஸ்டேஷனோ இல்லை, தண்டவாளத்தின் முனைதான். டீ-டிராக் என்பது மேசைமேல் ஒன்றோடொன்று கோத்து ரயில் ஓட்டும் சிறு பெட்டித் துண்டுகள்; ஒவ்வொரு துண்டும் ஒரு மாட்யூல். ஒற்றை மாட்யூலின் மரப்பெட்டி நீளம் 308 மில்லிமீட்டர். அதன்மேல் பதியும் கேட்டோ நிறுவனத் தண்டவாளம் 310. பக்கத்துக்கு 1 மில்லிமீட்டர் வெளியே நிற்கும், தண்டவாளங்களை இணைக்கும் யூனிஜாயினர் அதற்கும் வெளியே. சுங்கை சிப்புட் தோட்டத்துச் செம்மண் சாலையில் தொடங்கி ஈப்போ மண்டபம் வரை லோரி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த முனைதான் இடிபடும்.

அதனால் இரண்டு மாட்யூல்களை, மேலே உள்ளதைக் கவிழ்த்து, மரங்கள் நடுவில் வரும்படி முகத்தோடு முகம் பார்க்க வைத்து, இரு முனையிலும் 9 மில்லிமீட்டர் பிளைவூட் பலகையால் பூட்டுங்கள். பலகையின் உயரத்தை உங்கள் மரங்கள் முடிவு செய்யும். நிஜத்தில் 12 மீட்டர் இருக்கும் செம்பனை, 1:160 அளவில் 75 மில்லிமீட்டர். மேலும் கீழும் 75, நடுவே 20 இடைவெளி, பெட்டிகள் தலா 70: ஆக 310.

தண்டவாளம் வருகிற இடத்தில் பலகையில் 70-க்கு 20 மில்லிமீட்டர் ஜன்னல் வெட்ட மறக்காதீர்கள். இரட்டைப் பாதையின் மொத்த அகலம் 58தான், கொஞ்சம் தாராளமாக விடலாம். வெட்டாமல் இறுக்கினால் பலகையே ஜாயினரை நசுக்கிவிடும். மரத்திருகு வேண்டாம்; நாலைந்து முறை கழற்றி மாட்டினால் துளை தளர்ந்துவிடும். எம்5 போல்ட், உள்பக்கம் டீ-நட் (மரத்தில் பதிந்து நிற்கும் நட்), பலகைக்கு நான்கு. அடியில் உள்ள மட்டம் சரிசெய்யும் கால்களை முழுக்க உள்ளே திருகிவிடுங்கள்.

வெயிலில் நிற்கும் மூடிய லோரிக்குள் சூட்டுப் பசை இளகி மரங்கள் சாய்ந்துவிடும். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் ஊசி செருகி வெள்ளைப் பசையில் நடுங்கள். பசை இரண்டு நாள் காய்ந்த பிறகே பெட்டியை மூடுங்கள், இல்லையென்றால் நம் ஊர் ஈரத்துக்குப் பூசணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைக்கலாம். மரம் பெயர்ந்தால் திரும்ப நடும்போது இடைவெளி பார்த்து நடுங்கள்: தோட்டத்தில் முக்கோணமாக 9 மீட்டர், மாதிரியில் 56 மில்லிமீட்டர். வரிசை கோணினால் தோட்டத்தில் வளர்ந்தவர் கண்ணுக்குத் தப்பாது.

எஞ்சின்களை லோரியில் ஏற்றாதீர்கள். அவற்றின் சொந்தப் பெட்டியிலேயே போட்டு, ஐஸ் பெட்டிக்குள் அடுக்கி, காரில் கூடவே கொண்டுபோங்கள்.

மின்கம்பி வரிசை முன்பக்கத்திலிருந்து நீலம், வெள்ளை, வெள்ளை, நீலம். கட்டுவதற்கு முன்பும் பிரித்த பின்பும் மல்டிமீட்டரால் சோதியுங்கள். கம்பி மாறினால் சாதாரண டீசி (நேர்) மின்சாரத்தில் ரயில் பின்னோக்கி ஓடும், அவ்வளவுதான். டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் இரு பாதையும் இணையும் இடத்தில் ஷார்ட் ஆகும்.

உபரிக்கு யூனிஜாயினர் பத்து, தண்டவாளம் துடைக்க ஐசோபுரோபில் ஆல்கஹால், மூன்று முள் பிளக்குக்கு 13 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு. அலங்காரமே இல்லாத வெறும் மாட்யூல் ஒன்றும் அவசியம். சுற்றுப்பாதையின் எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தால்தான் வட்டம் சேரும். ஒன்று உடைந்தால், மாற்று இல்லாதபோது எதிரே இருக்கும் நல்ல மாட்யூலையும் எடுத்துவிட வேண்டிவரும்.

மண்டபத்து மடக்கு மேசைகள் மட்டமாக இருக்காது. மூலை மாட்யூல்களில் தொடங்கிக் கால்களைத் திருகி உயரம் சரிசெய்யுங்கள். எஞ்சினை ஏற்றுவதற்கு முன் ஒரே ஒரு ரயில் பெட்டியைக் கையால் ஒரு சுற்று தள்ளிப் பாருங்கள். தடுக்குகிற இடத்தில் ஜாயினர் தண்டவாளத்துக்குள் ஏறாமல் அடியில் போயிருக்கும்.