பூட்டன் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தது எப்போது? பங்குப் பதிவேட்டில் தேடும் வழி

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த என் பூட்டன் ராயப்பனை பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இரண்டு நாள் தேடினேன், ஆள் அகப்படவே இல்லை. மூன்றாம் நாள்தான் உறைத்தது: பதிவேடு லத்தீனில் இருக்கும்போது அதில் ராயப்பன் எங்கே இருப்பார்? ‘பேத்ருஸ்’, அதாவது பீட்டர், என்று இருந்தார்.

அதனால் முதல் வேலை, பெயர்களை மாற்றி எழுதி வைத்துக்கொள்வது. சின்னப்பன் என்றால் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், முடியப்பன் ஸ்தேபானுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், சூசை யோசேபுஸ். கோயில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியதே 1960களில்தான், அதற்கு முந்தைய பதிவுகளில் லத்தீனை எதிர்பார்த்தே போங்கள். எழுதியவர் பிரெஞ்சுக்காரச் சாமியார் என்றால் 1-ஐப் பார்த்து 7 என்று நினைத்துவிடுவீர்கள், கவனம்.

எங்கே தேடுவது? சேலம் மறைமாவட்டமே (ஓர் ஆயரின் கீழ் வரும் பங்குகளின் தொகுதி) 1930இல் வந்ததுதான், புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் மூன்றிலிருந்தும் பிரித்தெடுத்தார்கள். தருமபுரி 1997இல் தனியாகப் போனது. ஊர் பழசு என்றால் பழைய தாய்ப் பங்கு எது என்று மறைமாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஏற்காட்டுக் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல், தோட்டக் கூலிக்கு வந்தவர்களின் வேர் பெரும்பாலும் மலைக்குக் கீழே எங்காவது இருக்கும். அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: கல்யாணம் எங்கே நடந்தாலும் ஞானஸ்நானம் வாங்கிய பங்குக்குத் தகவல் போய் பதிவின் ஓரத்தில் எழுத வேண்டும் என்பது 1908 முதல் விதி, ஆகவே கீழே உள்ள ஊர் ஏட்டில் ஓரக் குறிப்பை விடாதீர்கள், ஏற்காட்டுக் கல்யாணம் அங்கே எழுதியிருந்தால் உங்கள் ஆளாக இருக்கலாம்.

சேலத்துக் கத்தோலிக்கர் கதை என்றால் எல்லோரும் 1623இல் சேந்தமங்கலம், மோரமங்கலம் பக்கம் வந்த இயேசு சபைச் சாமியார் ராபர்ட் தெ நொபிலியிலிருந்து தொடங்க ஆசைப்படுவார்கள். அந்த ஆசையை விட்டுவிட்டு, கையில் இருக்கும் ஏட்டிலிருந்து பின்னோக்கிப் போங்கள். தாது வருஷப் பஞ்சத்துப் பக்கங்கள், அதாவது 1876 முதல் 1878 வரை இருந்தால், பொறுமையாக எண்ணுங்கள். கைக்குழந்தை எத்தனை, பெரியவர்கள் எத்தனை, சாகும் தறுவாயில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் எத்தனை? கஞ்சிக்காக மாறினார்கள் என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் அந்த மூன்றாவது கணக்கையும் பார்க்கட்டும்.

பங்குச் சாமியாரை ஞாயிற்றுக்கிழமை பிடிக்காதீர்கள், திருவிழா, தவக்காலம் வேண்டவே வேண்டாம். பேனா கொண்டுபோகாமல் பென்சில் எடுத்துப் போங்கள். சாதி எழுதியிருக்கும், அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு ஊரில் சண்டை மூட்டாதீர்கள்.

கடைசியாக, பதிவேட்டில் ஞானத்தகப்பன் (ஞானஸ்நானத்தின்போது பொறுப்பேற்று நிற்பவர்) பெயர் எழுதும் பத்தி. பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு இதுதான் முக்கியம். பக்கத்துக்குப் பக்கம் சாமியார் பெயர் மாறும், ஞானத்தகப்பன் இடத்தில் மட்டும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். அவர் பெரும்பாலும் உபதேசியார். வெள்ளைக்காரச் சாமியார் வருடத்தில் சில நாள் வந்து போன ஊரில் மீதி நாளெல்லாம் செபம் சொல்லிக் கொடுத்தது அவர்தான். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு ஊருக்குப் போய் ‘உபதேசியார் வீடு’ எது என்று கேளுங்கள், வயசானவர்கள் யாராவது கை காட்டுவார்கள்.