வெளிநாட்டுக்கு சேவை செய்ய கெளம்புறவங்க வீட்டுல செஞ்சுட்டு போற தப்புங்க

நான் மலேசியாவுல பட்டர்வொர்த்காரன். நேப்பாள்ல மலைப்பக்கம் ஒரு ஸ்கூல்ல ரெண்டு வருஷம் வாலண்டியரா இருந்துட்டு வந்தேன். இப்ப நம்ம பிள்ளைங்க நெறைய பேர் போகணும்னு ஆசைப்பட்டு கேக்குறாங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா கேக்குறது எல்லாம் எந்த பேக் வாங்கலாம், அங்க எவ்ளோ குளிரும், சோறு கெடைக்குமான்னு தான். அதெல்லாம் போன ஒரு மாசத்துல பழகிடும். எனக்கு அடி விழுந்தது வீட்டுப் பக்கம் தான்.

எங்க வீட்டு கரண்ட் பில், தண்ணி பில், அப்பாவோட சுகர் மருந்து காசு எல்லாம் என் போன்ல இருந்து தான் போய்க்கிட்டு இருந்துச்சு. என் பிரீபெய்ட் நம்பரை பத்தி நான் யோசிக்கவே இல்ல, டாப்-அப் பண்ணாம விட்டு லைன் செத்துப்போச்சு. அஞ்சாவது மாசம் போன் படிக்கட்டுல விழுந்து உடைஞ்சு வேற வாங்கினா, பேங்க் ஆப்பை புது போன்ல போடுறதுக்கு எஸ்எம்எஸ்ல வர்ற கோடு நம்பர் அந்த செத்துப்போன லைனுக்கு தான் போகுது. காசு அக்கவுண்ட்ல இருக்கு, எடுக்க முடியல. அம்மா பக்கத்து தாமான்ல இருக்குற சித்திகிட்ட 300 வெள்ளி கைமாத்து வாங்கி பில் கட்டியிருக்காங்க, எனக்கு சொல்லவே இல்ல, தங்கச்சி சொல்லி தான் தெரியும். அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

அதனால நம்பரை உயிரோட வைங்க, தங்கச்சியோ தம்பியோ யாராச்சும் ஒருத்தர் மாசாமாசம் டாப்-அப் பண்ணட்டும். பேங்குக்கு நேரா போய் நான் இத்தனை வருஷம் வெளிய இருப்பேன், போன் மாத்தினா என்ன செய்யணும்னு கேட்டு எழுதிக்கோங்க. வீட்டு பில்லை எல்லாம் வீட்டுல இருக்குற ஒருத்தர் கைக்கு மாத்தி, ரெண்டு மாசம் அவங்களையே கட்ட விட்டு பாத்துட்டு கெளம்புங்க. பிடிபிடிஎன் படிப்புக் கடன் இருந்தா ஆட்டோ டெபிட் போட்டுடுங்க, நீங்க சம்பளம் இல்லாம இருக்கீங்கன்னு அது தானா நிக்காது. நிலம், வீடு உங்க பேர்ல இருந்து வேற ஒருத்தர் கையெழுத்து போடணும்னா, ஒரு பேப்பர்ல எழுதி குடுத்துட்டு போனா செல்லாது, வக்கீல் மூலமா பவர் ஆஃப் அட்டர்னி எழுதி ஹைகோர்ட்ல பதியணும், பினாங்குல இருக்குறவங்களுக்கு அது லைட் ஸ்ட்ரீட்ல.

அடுத்தது இதைவிட பெரிய தப்பு, டிக்கெட் வாங்கிட்டு அம்மாகிட்ட சொல்றது. நான் அப்படி தான் செஞ்சேன். அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க, சொன்னதும் கத்தியை கீழ வச்சுட்டு, "சம்பளம் இல்லாத வேலைக்கு கடல் தாண்டி எதுக்குப்பா போகணும், இங்க கஷ்டப்படுற பிள்ளைங்க இல்லையா"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் வரல. நியாயமான கேள்வி அது, போறவங்க எல்லாரும் மொதல்ல தனக்குத் தானே கேட்டு பதில் வச்சுக்கணும். இன்னொண்ணு, 2022-ல நம்ம பிள்ளைங்கள வேலைன்னு சொல்லி கம்போடியா, மியன்மார்னு கூட்டிட்டு போய் அடைச்சு வச்ச செய்தி வந்துச்சே, எங்கம்மா மனசுல அது தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, நான் அதை புரிஞ்சுக்காம கோவப்பட்டேன். ஆறு மாசத்துக்கு முன்னாலயே சொல்லுங்க. போற எடத்து பொறுப்பாளரை வீடியோ கால்ல அம்மா அப்பாகிட்ட பேச வைங்க, அட்ரஸ், அங்க இருக்குற நம்ம தூதரக நம்பர் எல்லாம் பெரிய எழுத்துல எழுதி ஐஸ்பெட்டியில ஒட்டுங்க. அந்த பேப்பர் எங்கம்மாவுக்கு எவ்ளோ தைரியம் குடுத்துச்சுன்னு பின்னால தான் எனக்கு தெரிஞ்சது.

எந்த எடத்துக்கு போறோம்னு விசாரிக்காம போறதும் தப்பு தான். பெரிய தொகை கேட்டா அது எதுக்கு போகுதுன்னு கணக்கு கேளுங்க, ஐ.நா. வாலண்டியர் திட்டத்துல விண்ணப்பிக்க காசே கெடையாது, அவங்களே மாசம் செலவுக்கு தர்றாங்க. அனாதை இல்லம்னு சொன்னா ரெண்டு மடங்கு கவனம் வேணும், நேப்பாள், கம்போடியா மாதிரி நாட்டுல அங்க இருக்குற பல பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா உயிரோட இருக்காங்க, வெளிநாட்டுக்காரங்க காசு வருதுன்னே குடும்பத்துல இருந்து பிரிச்சு கொண்டாந்து வச்சிருக்காங்க. நம்ம நல்ல மனசு ஒரு பிள்ளையை தாய்கிட்ட இருந்து பிரிக்க காரணமா ஆகக்கூடாது. விசாவும் அப்படி தான், டூரிஸ்ட் விசாவுல போய் பாத்துக்கலாம்னு சொல்றவங்களை நம்பாதீங்க, நேப்பாள்ல அது வருஷத்துக்கு 150 நாள் தான், அதுல சம்பளம் இல்லாத வேலைகூட செய்யக்கூடாது. பாஸ்போர்ட்டும் நீங்க திரும்பி வர்ற தேதிக்கு மேல ஆறு மாசமாவது இருக்கட்டும்.

ஊசியை கடைசி வாரத்துக்கு விடாதீங்க. ஹெப்படைட்டிஸ் பி மூணு ஊசி முடிய ஆறு மாசம் ஆகும், நம்ம நாட்டுல 1989-ல இருந்து தான் பொறந்த பிள்ளைங்களுக்கு போடுறாங்க, அதுக்கு முன்னால பொறந்தவங்க ரத்தம் டெஸ்ட் பண்ணி பாருங்க. நாய்க்கடி ஊசியை முன்கூட்டியே போட்டுக்கிட்டா, கடிச்சப்புறமும் ஊசி போடணும் தான், ஆனா கம்மியா போதும், கடிபட்ட எடத்துல போடுற, மலைப்பக்கம் கெடைக்காத இம்யூனோகுளோபுலின்னு ஒரு மருந்தை தேடி அலைய வேணாம். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவுல மஞ்சள் காய்ச்சல் இருக்குற நாட்டுங்களுக்கு போறவங்க அதுக்கான ஊசியை 10 நாளைக்கு முன்னாலயாவது போடணும், அந்த மஞ்சள் அட்டையை தொலைக்காதீங்க, அந்த நாட்டுங்கள்ல இருந்து திரும்பி வரும்போது நம்ம நாட்டுலயும் அதை கேப்பாங்க. பல்லும் பாத்துக்கோங்க.

பேக்ல துணியை கொறைச்சு அம்மா குடுக்குற மிளகாத்தூளுக்கு எடம் விடுங்க.

மொழி போய் கத்துக்கலாம்னு இருந்துடாதீங்க. எங்க பிளாட் ஜாகா, அதாவது வாட்ச்மேன், நேப்பாள்காரர், தெனமும் வேலை முடிஞ்சு வந்து அவர்கிட்ட பத்து நிமிஷம் பேசி தான் நான் கொஞ்சம் கத்துக்கிட்டேன். அவரு வீட்டை விட்டு வந்து நாலு வருஷம், பொண்ணு மொகத்தை போன்ல தான் பாக்குறாரு. "வாரத்துல ஒரு நாள், ஒரே நேரத்துல கூப்புடு, நேரம் மாத்தாதே, வீட்டுல காத்துக்கிட்டு இருப்பாங்க"ன்னு சொன்னாரு. அங்க மணி நம்மளவிட ரெண்டே கால் மணி நேரம் பின்னால, ஞாயித்துக்கெழம ராத்திரி எட்டே காலுக்கு அம்மா போனை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, நான் ஆறு மணிக்கே சிக்னல் கெடைக்கிற மேட்டுக்கு ஏறிடுவேன்.