வாக்யூஃபார்ம் கிட்டில் முதல் ஜெட் விமானங்கள்: உடலை மூடி ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

வாக்யூஃபார்ம் மாடல் கிட்டைத் திறந்தால் ஒன்றிரண்டு வெள்ளைத் தகடுகள், அதில் புடைத்து நிற்கும் பாதிப் பாதி விமானம், கேனபிக்கு, அதாவது விமானியின் மேல் மூடும் கூட்டுக்கு, தனியாக ஒரு ஒளிபுகும் பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான் இருக்கும். சூடாக்கிய பிளாஸ்டிக் ஷீட்டை அச்சின் மேல் போட்டு, கீழிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தது என்பதால் நம் கைக்கு வருவது வெறும் தோல். இரண்டு பாதிகளைச் சேர்க்கும் முளையோ துளையோ உள்ளே தாங்கும் சுவரோ எதுவும் கிடையாது. ஜெட் என்றால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: முன்னால் ஒரு ஓட்டை, பின்னால் ஒரு ஓட்டை, இரண்டு வழியாகவும் உள்ளே பார்க்கலாம். அதனால் உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன் என்ன செய்து முடித்தீர்கள் என்பதில்தான் மாடல் நன்றாக வருவதும் வராததும் இருக்கிறது.

முதல் கிட்டாக மீட்டியரை (இரட்டை எஞ்சின் பிரிட்டிஷ் ஜெட்) எடுக்க வேண்டாம். இறக்கை நடுவே எஞ்சின் கூடுகள் உட்காரும் இடத்தைச் சரிசெய்வதே தனி வேலை. 1939 ஆகஸ்ட் 27 அன்று பறந்த ஹைன்கெல் ஹெச்இ 178 நல்ல தொடக்கம். இறக்கை நீளம் 7.2 மீட்டர், அதாவது 1/72 அளவில் சரியாக 10 சென்டிமீட்டர். வால் சக்கரம் என்பதால், வால் தரையில் சாயாமலிருக்க மூக்கில் எடை வைக்கும் கவலையும் இல்லை. அடுத்து, 1941 மே 15 அன்று பறந்த பிரிட்டனின் முதல் ஜெட், குளோஸ்டர் இ.28/39.

வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு பாகத்தைச் சுற்றியும், அது தகட்டோடு சேரும் மூலையில், மெல்லிய மார்க்கரால் கோடு போடுங்கள். பிறகு பிளேடைச் சாய்த்துப் பிடித்து அந்தக் கோட்டை ஒட்டி இரண்டு மூன்று முறை லேசாகக் கீறினால் போதும், முழுக்க அறுக்க வேண்டாம், தகட்டை முன்னும் பின்னும் மடக்கினால் பாகம் தானே உடைந்து வரும். உடைந்த விளிம்பில் மார்க்கர் கோட்டுக்குக் கீழே இன்னும் தகட்டின் கனம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். மிச்சத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உள்வேலை முழுவதற்கும் அதுதான் மூலப்பொருள்.

தேய்ப்பதற்கு, தட்டையான கண்ணாடி மேல் 220 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, பாகத்தின் மேல் மாஸ்கிங் டேப்பால் ஒரு கைப்பிடி செய்துகொண்டு எட்டுப் போடுவது மாதிரி தேயுங்கள். கையின் அழுத்தம் எப்போதும் ஒரு பக்கம் கூடுதலாக விழும், அதனால் அடிக்கடி பாகத்தைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். கோட்டை நெருங்கும்போது விளிம்பில் முடி போல் மெல்லிய பிசிர் எழும்பும். அப்போது 400 நம்பருக்கு மாறி, நாலு தேய்ப்புக்கு ஒரு முறை எதிர்ப்பாதியோடு சேர்த்துப் பாருங்கள். அதிகம் தேய்ந்துவிட்டால் உடல் ஒல்லியாகி மூக்கின் வட்டம் முட்டையாகிவிடும், ஜெட்டில் அது உடனே கண்ணில் படும்.

இறக்கையின் பின்விளிம்பைப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். தகடு 1 மில்லிமீட்டர் என்றால் இரண்டு பாதியும் சேர்ந்து 2 மில்லிமீட்டர், 1/72 அளவில் பார்த்தால் நிஜ விமானத்தில் அது 14.4 சென்டிமீட்டர் கனம்! எந்த இறக்கையின் பின்விளிம்பும் அப்படி இருக்காது. ஆகவே இரண்டு பாதிகளின் உள்பக்கத்தையும் பின்விளிம்பை நோக்கிச் சரிவாக, விளக்கில் காட்டினால் வெளிச்சம் ஊடுருவும் வரை தேய்த்துவிட்டு அப்புறம் ஒட்டுங்கள். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் மாடலின் தோற்றத்தை இந்த அளவுக்கு மாற்றும் வேலை வேறு இல்லை.

இப்போது உள்ளே. மிச்சத் தகட்டில் சிறு நாக்குகள் வெட்டி, விளிம்பில் பாதி வெளியே நீட்டும்படி, இரண்டு பாதிகளிலும் மாற்றி மாற்றி ஒட்டுங்கள். விமானியின் முன்னும் பின்னும், இறக்கை சேரும் இடத்திலும் குறுக்குச் சுவர் வையுங்கள். இறக்கையை வெறுமனே உடலில் ஒட்டாமல், பித்தளைக் குழாயோ தடித்த பட்டையோ உடல் வழியாக ஊடுருவிப் போகும்படி செய்தால், இறக்கை மேல்நோக்கிச் சாயும் கோணமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்கும்.

காற்று நுழையும் வாய்க்கு நேரம் ஒதுக்குங்கள். விளிம்பை உள்ளிருந்து உருண்டை அரத்தால் மெலிதாக்கி, மெல்லிய ஷீட்டைச் சுருட்டி உள்ளே குழாய் அமைத்து, இணைப்பில் பட்டி பார்த்து, பெயின்டும் அடித்துவிட்டுத்தான் மூட வேண்டும், பிறகு அங்கே கை நுழையாது. ஹைன்கெல்லில் குழாய் விமானியின் இருக்கைக்குக் கீழே போகிறது, அதனால் காக்பிட் தளத்தின் உயரத்தையும் குழாயையும் ஒன்றாகவே தீர்மானியுங்கள். இ.28/39-இல் அது இரண்டாகப் பிரிந்து விமானியின் இரு பக்கமும் போகும், ஆகவே வாய்க்குள் நடுவில் செங்குத்தாக ஒரு ஆப்பு வைத்தால்தான் உண்மையாக இருக்கும். பின்வாய்க்கு மெல்லிய அலுமினியக் குழாய், அதன் ஆழத்தில் மேட் கறுப்பு அடித்த வட்டம்.

மூக்குச் சக்கரம் உள்ளவற்றுக்கு எடை வேண்டும். வாம்பயரில் (இரட்டை வால் தண்டு உள்ள பிரிட்டிஷ் ஜெட்) உடல் குட்டை, வால் தண்டுகள் நீளம், அதில் கண்டிப்பாக வேண்டும். எல்லாவற்றையும் டேப்பால் தற்காலிகமாகச் சேர்த்து, பிரதான சக்கரம் வரும் இடத்துக்குக் கீழே பென்சிலை வைத்து, மூக்கு தாழும் வரை ஈயக்குண்டு சேருங்கள். அதை வெள்ளைப் பசையில் ஒட்டாதீர்கள், நாளடைவில் ஈயம் அரித்துப் பருத்து உடலையே பிளந்துவிடும். எபாக்ஸி நல்லது.

காக்பிட்டில் எந்த இருக்கை என்று பார்த்து வையுங்கள். 1942 ஜனவரி 13 அன்று விமானி ஹெல்முட் ஷெங்க், ஹைன்கெல்லின் இன்னொரு ஜெட்டான ஹெச்இ 280-இலிருந்து எஜெக்ஷன் இருக்கையில்தான் (ஆபத்தில் விமானியோடு வெளியே தூக்கி எறியும் இருக்கை) வெளியே வந்தார், ஆகவே அந்த மாடலுக்கு அந்த இருக்கை வேண்டும். ஆனால் ஒற்றை இருக்கை வாம்பயருக்கும் மீட்டியர் எஃப்.3-க்கும் சாதாரண இருக்கைதான், மீட்டியர் எஃப்.8-க்கு வரும்போதுதான் மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தின் எஜெக்ஷன் இருக்கை.

மூடும்போது நீர்த்த பிளாஸ்டிக் சிமென்ட்டை (பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் பசை) குறைவாக, விட்டுவிட்டு ஓட்டுங்கள். மெல்லிய தகடு சீக்கிரம் இளகும். உள்ளே அதன் ஆவி அடைபட்டாலும் தோல் பிறகு குழிவிழும், அதனால் சக்கரக் குழியிலாவது ஒரு துளை விடுங்கள். ஒரு நாள் ஆறவிட்டுப் பட்டி, வாட்டர் பேப்பர், அப்புறம் டைமோ டேப்பை (தடித்த லேபிள் டேப்) ஸ்கேலாக வைத்து ஊசியால் பேனல் கோடுகள்.

கேனபியை வெட்டும்போது உள்ளே களிமண் அடைத்துக்கொண்டால் விரிசல் விடாது. புது பிளேடு, லேசான பல கீறல்கள். ஒட்ட வெள்ளைப் பசைதான், சூப்பர் க்ளூ அதை மங்கலாக்கிவிடும்.

இ.28/39-க்கு மேலே கரும்பச்சையும் மண்பழுப்பும், கீழே மஞ்சள். லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் உள்ள, W4041 என்ற எண் கொண்ட இ.28/39-இன் படத்தைப் பார்த்துச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வாலின் கிடை இறக்கையில் தெரியும் சிறு துணைத் துடுப்புகள் பிற்பாடு சேர்த்தவை. 1941-இல் பறந்த தோற்றம்தான் வேண்டும் என்றால் அவற்றை வைக்காதீர்கள்.