பல செயலிகளுக்கு ஒரே ஸ்டைல்ஷீட்: ரேசர் கிளாஸ் லைப்ரரி செய்முறை

ஆம்பூரில் உள்ள ஒரு காலணித் தொழிற்சாலைக்காகக் காட்பாடியில் இருந்தபடி நாங்கள் பராமரிக்கும் தோல் இருப்பு, வருகைப் பதிவு, ஏற்றுமதி பில் ஆகிய மூன்று வலைச் செயலிகளிலும் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஒரே சி.எஸ்.எஸ். கோப்பு (ஸ்டைல்ஷீட்) நகலெடுத்து வைக்கப்பட்டிருந்தது. நாளடைவில் மூன்று நகல்களும் மூன்று விதமாகிவிட்டன. அவற்றை ஒரே பொது லைப்ரரிக்குள் கொண்டுவந்த முறையை இங்கே எழுதுகிறேன். வலைச் செயலிகளை உருவாக்க உதவும் மைக்ரோசாஃப்டின் ஏ.எஸ்.பி. டாட்நெட் கோரில் ஒரு செயலியையாவது ஓடவிட்டுப் பார்த்தவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

ப்ராஜெக்ட்களின் தொகுப்பான சொல்யூஷனில், பல செயலிகள் பகிர்ந்துகொள்ளக்கூடிய 'ரேசர் கிளாஸ் லைப்ரரி' வகையில் புதிய ப்ராஜெக்ட் ஒன்றைச் சேர்த்து, அதற்குள் 'டபிள்யூடபிள்யூடபிள்யூரூட்' கோப்புறையை உருவாக்கி, சி.எஸ்.எஸ். கோப்புகளையும் எழுத்துருக்களையும் தனித்தனி உட்கோப்புறைகளில் வையுங்கள். பிறகு மூன்று செயலிகளிலிருந்தும் அந்த லைப்ரரிக்கு ப்ராஜெக்ட் ரெஃபரன்ஸ் கொடுங்கள். 2019இல் வெளிவந்த ஏ.எஸ்.பி. டாட்நெட் கோர் 3.0 பதிப்பு முதல், ரெஃபரன்ஸ் கொடுத்த செயலிக்கு இக்கோப்புகள் தாமாகவே கிடைத்துவிடும் என்பதால், நகலெடுப்பதற்கென்று தனி ஸ்கிரிப்ட் எதுவும் தேவையில்லை.

அடுத்து, எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான லேஅவுட் பக்கத்தில் இணைப்பைக் கொடுக்க வேண்டும். டில்டே (~), சாய்கோடு, அண்டர்ஸ்கோரில் தொடங்கும் 'கன்டென்ட்', லைப்ரரியின் பெயர், கோப்பின் பாதை என்ற வரிசையில் முகவரி அமையும். 'டபிள்யூடபிள்யூடபிள்யூரூட்' என்ற ரூட் கோப்புறையின் பெயர் அதில் வரக்கூடாது. டில்டேயை விட்டுவிட்டால், விண்டோஸின் வலை சர்வரான ஐ.ஐ.எஸ்.ஸில் ஒரு தளத்தின் கீழ் உட்செயலியாக ஓடும்போது முகவரி தவறிப்போகும். லினக்ஸ் சர்வராக இருந்தால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் கவனியுங்கள். பொது ஸ்டைலை முதலிலும் செயலியின் சொந்த ஸ்டைலை அதன் பின்னும் இணைத்தால்தான், செயலிக்குரிய சிறு மாற்றங்கள் எடுபடும்.

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இனிமேல்தான் வருகிறது. உங்கள் கணினியில் எல்லாம் சரியாகத் தெரியும்; சூழலை 'டெவலப்மென்ட்' என்பதிலிருந்து 'புரொடக்‌ஷன்' என்று மாற்றி ஓட்டியவுடன் பக்கம் நிறமின்றி மொட்டையாக நிற்கும். பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் பார்த்தால், செயலியின் சொந்தக் கோப்புக்கு 200 (கிடைத்தது) என்றும் லைப்ரரியின் கோப்புக்கு 404 (கிடைக்கவில்லை) என்றும் காட்டும். பில்டு செய்யும்போது லைப்ரரியின் கோப்புகள் இடம் மாறுவதில்லை; அவை எங்கே இருக்கின்றன என்ற பட்டியல் மட்டுமே எழுதப்படுகிறது. அந்தப் பட்டியலை டெவலப்மென்ட் சூழலில் மட்டுமே செயலி தானாகப் படிக்கிறது. சர்வரில் வைப்பதற்கான கோப்புறையை உருவாக்கும் பப்ளிஷ் வேலையைச் செய்யும்போதுதான் கோப்புகள் உண்மையிலேயே செயலியின் ரூட் கோப்புறைக்குள் வந்து சேர்கின்றன. ஆகவே பப்ளிஷ் செய்த கோப்புறையிலிருந்து ஓட்டிச் சோதிப்பதே சரியான வழி. பப்ளிஷ் செய்யாமலே வேறு சூழலில் பார்த்தாக வேண்டுமென்றால், புரோகிராம் கோப்பில் வெப்ஹோஸ்டின் மீது 'யூஸ் ஸ்டாட்டிக் வெப் அசெட்ஸ்' என்பதை அழைக்கலாம். எனக்கு முன்னதே பிடிக்கும்.

ஸ்டைல்ஷீட்டுக்குள் நிறங்களையும் இடைவெளிகளையும் சி.எஸ்.எஸ். மாறிகளாக வைத்துக்கொண்டால், ஒரு செயலிக்கு மட்டும் தலைப்புப் பட்டையின் நிறம் வேறாக வேண்டும்போது அச்செயலியின் சொந்த ஸ்டைலில் ஒரே வரியில் மாற்றிவிடலாம். இவ்வளவுக்கு, சி.எஸ்.எஸ்.ஸாக மாற்றித்தரும் சாஸ் என்ற தனி மொழி தேவையில்லை என்பது என் கருத்து. எழுத்துருவின் பாதையைச் சாய்கோட்டில் தொடங்காதீர்கள். தொடங்கினால் பிரவுசர் லைப்ரரியை விட்டுவிட்டுத் தளத்தின் வேரில் தேடும். வரி உயரத்தை 1 என்று இறுக்கி, வழியும் பகுதியை மறைக்கவும் சொல்லியிருந்தால், பொத்தானில் உள்ள 'நீக்கு' என்ற சொல்லில் 'நீ'யின் மேற்சுழியும் 'கு'வின் கீழ்வளைவும் வெட்டுப்படும். பொது ஸ்டைலில் நாங்கள் 1.6 வைத்திருக்கிறோம்.

தொழிற்சாலையின் முகவரி இருக்கும் பக்க அடிப்பகுதியையும், பல பக்கங்களில் சேர்க்கக்கூடிய துண்டான பார்ஷியல் வியூவாக இதே லைப்ரரியில் வைக்கலாம். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது போன்ற மாற்றம் வந்தால், முகவரியை ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

பின்சேர்க்கை: செயலிகள் தனித்தனி ரெப்போவில் (குறிநிரல் களஞ்சியத்தில்) இருந்தால் என்ன செய்வது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். லைப்ரரியை டாட்நெட்டின் பேக்கேஜ் கருவியான நியூகெட்டுக்குரிய பேக்கேஜாக்கி, அலுவலக நெட்வொர்க்கில் உள்ள ஒரு கோப்புறையையே பேக்கேஜ் எடுக்கும் இடமாகக் கொடுக்கலாம். ஸ்டைலைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் பதிப்பு எண்ணைக் கூட்டுங்கள். அதே எண்ணில் மீண்டும் பேக் செய்தால், கணினியின் கேஷில் இருக்கும் பழைய பேக்கேஜையே நியூகெட் எடுத்துக்கொள்ளும்.