தனிச்செய்தியில் பேரம் முடிக்காதீர்கள்: புதிய ஓவியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் எரியத் தொடங்கும் முன்பே, சிங்கப்பூரின் இளம் தமிழ் ஓவியர்களின் இன்ஸ்டகிராம் பக்கங்களில் மயிலும் கோலமும் நிறைந்துவிடுகின்றன. பார்க்கப் பெருமையாக இருக்கிறது. கூடவே ஆற்றாமையும் வருகிறது; எங்கள் தலைமுறை விழுந்த அதே குழிகளில் இவர்களும் வரிசையாக விழுகிறார்கள். மங்கலான படம், பொருந்தாத ஹேஷ்டேக் போன்றவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவற்றை நீங்களே விரைவில் திருத்திக்கொள்வீர்கள்.

விருப்பக்குறிகளை வைத்து விலை சொல்வது

வேண்டாம். வேலைக்கு ஆகும் நேரத்தையும், படம் எங்கெல்லாம் பயன்படும் என்பதையும் வைத்துச் சொல்லுங்கள்.

தனிச்செய்தியிலேயே பேரத்தை முடிப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

என்னிடம் பயின்ற ஒரு பெண்ணுக்கு ஒரு கடையிலிருந்து இன்ஸ்டகிராமில் தனிச்செய்தி வந்தது. தீபாவளிக்கு ஒரு மயில் படம் வேண்டும், 120 வெள்ளி தருகிறோம் என்று இரண்டே வரி. மீதியெல்லாம் தொலைபேசிப் பேச்சு. பேநவ் என்ற மின்பணச் சேவையில் பணம் வந்தது, அவரும் படத்தை அனுப்பிவிட்டார். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் அந்த மயில் கடையின் இனிப்புப் பெட்டியில் இருக்கிறது, துணிப்பையில் இருக்கிறது, வாசல் பதாகையிலும் இருக்கிறது. தோகையின் கடைசிக் கண்ணுக்குள் அவர் பொடி எழுத்தில் கையொப்பமிட்டிருந்தார். பெட்டியின் அளவுக்குப் பொருந்துவதற்காகத் தோகையின் ஓரத்தை வெட்டியபோது அதுவும் போய்விட்டது.

“அக்கா, கேட்டால், பணம்தான் கொடுத்தாயிற்றே என்கிறார்கள்” என்று என்னிடம் வந்து நின்றார். எங்கே, எத்தனை நாள், எந்தெந்தப் பொருளில் என்று அந்த உரையாடலில் ஒரு சொல் இல்லை.

பணம் கொடுத்ததால் மட்டும் படம் கடைக்காரருக்குச் சொந்தமாகிவிடாது. சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு, ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படமோ எடுக்கச் சொன்ன புகைப்படமோ, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அவருக்கே உரியதாக இருந்தது. இப்போது அவற்றுக்கும் படைத்தவரே முதல் உரிமையாளர். மயில் போன்ற மற்ற ஓவியங்களில் சுயமாகத் தொழில் செய்யும் ஓவியருக்கு இந்த உரிமை முன்பே இருந்தது. படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் படைத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையையும் புதிய சட்டம் சேர்த்தது. பதிப்புரிமையைக் கைமாற்ற எழுத்தும் கையொப்பமும் தேவை.

இவ்வளவு இருந்தும் அந்தப் பெண் ஏன் திணறினார்? உரிமை அவருடையதுதான். ஆனால் பயன்படுத்தும் அனுமதியின் எல்லையை அவர் எழுதிவைக்கவில்லை. அந்த இடைவெளியைக் கடை தன் வசதிக்கு நிரப்பிக்கொண்டது. இனிப்புப் பெட்டிக்குத் தனிக் கட்டணம், பதாகைக்குத் தனிக் கட்டணம் என்று அவர் வாங்கியிருக்க வேண்டிய பணம் அப்படியே போயிற்று.

தனிச்செய்தியில் வாழ்த்துச் சொல்லுங்கள், மாதிரிப் படம் காட்டுங்கள். பேரம் தொடங்கியதும் மின்னஞ்சலுக்கு மாறுங்கள். என்ன படம், எந்தப் பொருளில், எவ்வளவு காலம், முன்பணம் எவ்வளவு, பெயர் எங்கே வரும் என்று எழுதி, அவர்கள் “சரி” என்று பதில் அனுப்பிய பிறகே தூரிகையை எடுங்கள். பேசிய கூலி வராவிட்டாலும் அந்த மின்னஞ்சல்தான் கைகொடுக்கும். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் வைக்க முடியாது என்பதால் அந்தச் செலவும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். தெரிந்தவர்கள், நம் ஆட்கள், எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று தயங்குகிறீர்கள். முறையாகத் தொழில் செய்பவர் தப்பாக நினைக்கமாட்டார்.

தளம் படத்தைப் பறித்துக்கொள்ளும் என்று அஞ்சுவது

பறிக்காது. இன்ஸ்டகிராமின் விதிப்படி உரிமை உங்களிடமே இருக்கிறது. ஆனால் படத்தைக் கட்டணமின்றிப் பயன்படுத்தும் விரிவான உரிமத்தை அந்நிறுவனத்துக்கு அளிக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுப் பதிவிடுங்கள்.

ஒரே தளத்தை நம்பியிருப்பது

குறுங்காணொளித் தளமான வைன் 2017 ஜனவரியில் மூடப்பட்டது. 2015 வரை பதிவேற்றப்பட்ட பாடல்கள் சர்வர் மாற்றத்தில் அழிந்துபோனதைச் சமூக ஊடகத் தளமான மைஸ்பேஸ் 2019இல் ஒப்புக்கொண்டது. வேறு பிரதி வைத்திராத இசைக்கலைஞர்களுக்கு அவை போனவைதான். தளம் உயிரோடு இருந்தாலும், இன்ஸ்டகிராம் 2016இல் கால வரிசையைக் கைவிட்டதிலிருந்து, உங்களைப் பின்தொடர்பவர் கண்ணில் உங்கள் பதிவு படும் என்ற உறுதி இல்லை. படம் வாங்கியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை, அவர்கள் சம்மதத்துடன், உங்கள் கையில் வைத்திருங்கள். சிங்கப்பூருக்குரிய ‘.எஸ்ஜி’ முகவரியில் சொந்தமாக ஓர் இணையத்தளம் தொடங்குங்கள். அத்தகைய தளங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் அதிகாரம் 2019 முதல் தேசிய நூலக வாரியத்துக்கு இருக்கிறது.

மூலக்கோப்பை முன்கூட்டியே அனுப்புவது

பார்வைக்கு 1,080 பிக்சல் அகலம் போதும். அச்சுக்கான கோப்பு, மீதிப் பணம் வந்த பிறகு.